நன்னீரில் கழுவிவிட்டு உயிரைத் தேடியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உப்பு ஏரியை மண் கொட்டி மேடாக்கிக்கொள்ளலாம் என்று நீங்கள் வழங்கிய அனுமதியைப் படித்தேன். அதற்கு அடிப்படையான அறிக்கையையும் பின்னிணைப்பு வரை படித்தேன். அந்த ஏரியின் உயிர்களைப் பற்றி அதில் இருப்பது அரைப் பக்க அட்டவணை ஒன்றுதான். மீன் இல்லை. தவளை இல்லை. நீர்த்தாவரம் இல்லை. கடைசி வரியில், நுண்ணுயிரிகளும் இல்லை. இந்தக் கடைசி 'இல்லை'யைப் பிடித்துக்கொண்டுதான் அறிக்கையின் முன்பக்கச் சுருக்கம் ஏரியை 'உயிரியல் மதிப்பற்ற தரிசு' என்கிறது. அங்கிருந்து உங்கள் கையெழுத்து வரை யாரும் எங்கும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

முதல் மூன்று வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. நாலாவது வரி தவறு. எப்படித் தவறானது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதே தவறைச் செய்திருக்கிறேன்.

உப்பு விரும்பும் நுண்ணுயிரிகளை வளர்ப்பது என் வேலை. 17 வருடமாக இதைத்தான் செய்கிறேன். நீங்கள் தரிசு என்று எழுதிய ஏரியிலிருந்தும் பலமுறை நீர் எடுத்து வந்திருக்கிறேன். அறிக்கையின் அட்டவணைக்குக் கீழே, கண்ணை இடுக்கினால் மட்டும் படிக்க முடிகிற எழுத்தில், சோதனை முறை தரப்பட்டிருக்கிறது. ஏரி நீரை நுண்ணுயிர் நீக்கிய வடிநீரில் (காய்ச்சி வடித்த, உப்பே இல்லாத நீர்) பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்கச் செய்திருக்கிறார்கள். அதை நுண்ணுயிரி வளர்க்கும் கூழான வழக்கமான ஊட்ட அகார் தட்டுகளில் பரப்பி, 48 மணி நேரம் கழித்து எண்ணியிருக்கிறார்கள். குடிநீரைச் சோதிக்க இது அருமையான முறை. உப்பு ஏரியைப் பொறுத்தவரை, இருப்பதையெல்லாம் கொன்றுவிட்டு அப்புறம் கணக்கெடுக்கும் முறை.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அந்த ஏரியில் கோடையில் நான் அளந்தது 300 கிராமுக்குக் குறையவில்லை. இவ்வளவு உப்பில் வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள் (பார்க்க பாக்டீரியாபோல இருந்தாலும் தனிக் கிளை) உப்பை வெளியே நிறுத்திவைத்துப் போராடுவதில்லை. வெளியே எவ்வளவு சோடியம் உப்பு அழுத்துகிறதோ, அதற்கு ஈடாகச் செல்லுக்குள் பொட்டாசியம் உப்பை நிரப்பி வைத்துக்கொள்கின்றன. அவற்றின் புரதங்கள் அந்த உப்புக்கென்றே அமைந்தவை. உப்பு குறைந்தால் அந்தப் புரதங்கள் உருக்குலைந்து போகும். செல்லின் மேலுறையையே கட்டிப்பிடித்து வைத்திருப்பது உப்புதான். இப்படி ஒரு செல்லை வடிநீரில் போட்டால் நீர் உள்ளே பாயும், உறை கழன்றுவிடும், செல் வெடிக்கும். உங்கள் ஆய்வகத்தின் முதல் நீர்ப்பிலேயே, அதாவது பத்து மடங்கிலேயே, லிட்டருக்கு 300 கிராம் என்பது 30 கிராமாக இறங்கிவிட்டது. கடல்நீரைவிட லேசு. இந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 100 கிராமாவது வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த உயிரிகளின் டி.என்.ஏ.வை வெளியே எடுக்க நாங்கள் முதலில் செய்வதும் இதேதான். செல்களைத் திரட்டி, வடிநீர் ஊற்றுவோம். கலங்கிய இளஞ்சிவப்புத் திரவம் கண்முன்னால் தெளிந்து, சளிபோல இழுபடத் தொடங்கும். செல்கள் எல்லாம் உடைந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். நான் மாணவியாக இருந்தபோது மூன்று வாரம் வளர்த்த ஒரு வளர்ப்பை, சுத்தமாக இருக்கட்டுமே என்று வடிநீரில் கழுவினேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உப்பு டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதனால் அந்தச் சோதனையைச் செய்த இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் இருந்தது குடிநீர் முறை, அதைச் செய்தார்கள். அந்த முறை இந்த நீருக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

வடிநீரைத் தாண்டி ஒன்றிரண்டு செல்கள் தப்பியிருந்தால்கூட அடுத்த கட்டத்தில் மாட்டியிருக்கும். வழக்கமான ஊட்ட அகாரில் உப்பு அரை சதவீதத்துக்கு மேல் இருக்காது. போதாததற்கு 48 மணி நேரக் கெடு. என் தட்டுகளில் முதல் சிவப்புப் புள்ளி தெரியவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சில வகைகளுக்கு இரண்டு மாதம்கூட ஆகும். அதுவரை தட்டு காய்ந்துவிடாமல் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைப்போம். அப்படியும் அகாரின் மேல் உப்புப் படிகங்கள் பூத்துவிடும், இன்குபேட்டரின் அடுக்குகள் துருப்பிடித்துப் போகும். (எங்கள் ஆய்வகத்துக்கு இன்குபேட்டர் விற்றவர் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை.)

டி.என்.ஏ. சோதனையும் செய்ததாக அறிக்கை சொல்கிறது. பாக்டீரியாவுக்கான பிரைமர்களை, அதாவது குறிப்பிட்ட டி.என்.ஏ. வரிசையில் மட்டும் போய் ஒட்டும் சிறு துண்டுகளை, போட்டுத் தேடியிருக்கிறார்கள். சிவந்த உப்பு நீரில் பெரும்பான்மையாக இருப்பவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா. இவற்றில் ஒன்றான 'ஹாலோபாக்டீரியம்' என்பதன் பெயரிலேயே பாக்டீரியா இருக்கிறதே என்று கேட்காதீர்கள். இவை தனிக் கிளை என்று 1970களின் இறுதியில் தெரிந்தது, பெயர் அதற்கு முன்பே வைத்தாயிற்று. பாக்டீரியாவுக்கான பிரைமர்கள் ஆர்க்கியாவைக் கண்டுகொள்ளாது. பறவை வலையை வீசிவிட்டு ஏரியில் மீன் இல்லை என்று எழுதுவதுபோல.

இவ்வளவும் தெரியாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, அறிக்கையின் படங்களையாவது பார்த்திருக்கலாம். ஐந்தாவது படத்தில் ஏரி இளஞ்சிவப்பாக இருக்கிறது. அதன் கீழே 'கனிமங்களால் ஏற்பட்ட நிறம்' என்று குறிப்பு. பிரான்ஸின் மோன்பெலியே பக்கத்து உப்பளங்கள் சிவப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் காரணம் என்று மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால் 1838இலேயே எழுதிவிட்டார். 1905இல் அந்தப் பாசிக்கு அவர் பெயரையே சேர்த்து டுனாலியெல்லா என்று பெயரிட்டார்கள். உப்பு முற்றும்போது அதோடு ஆர்க்கியாவும் சேர்ந்துகொள்ளும். இரண்டிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள்தான் அந்தச் சிவப்பு. பாத்தி சிவந்தால் வெயிலை அதிகம் வாங்கும், உப்பு சீக்கிரம் விளையும். உப்பு விளைவிப்பவர்கள் அதைக் கண்டு மகிழ்வார்கள். 'இல்லை' என்று அட்டவணையில் எழுதியதன் புகைப்படத்தை அதே அறிக்கையில் ஒட்டியிருக்கிறீர்கள்.

சாக்கடல் என்ற பெயரை வைத்துக்கொண்டு அங்கே உயிரே கிடையாது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. பெஞ்சமின் எலாசரி வோல்கானி அதிலிருந்து நுண்ணுயிரிகளை வளர்த்துக் காட்டி 1936இல் வெளியிட்டார். அவருடைய வளர்ப்பு ஊடகத்தில் உப்பு இருந்தது. உங்கள் அறிக்கை 1936ஐக்கூட எட்டவில்லை.

வளரவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1980இல் ஆண்டனி வால்ஸ்பி, சினாய் கடற்கரையோர உப்புக் குட்டை ஒன்றின் நீரை நுண்ணோக்கியில் பார்த்தார். அஞ்சல்தலைபோலச் சதுரமாக, தட்டையாக, நேரான விளிம்புகளோடு செல்கள் மிதந்துகொண்டிருந்தன. உயிர்ச்செல் சதுரமாக இருக்கும் என்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு தேடிய பல உப்பளங்களில், முற்றிய பாத்திகளில் அதுதான் பெருங்கூட்டம். ஆனால் ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. 2004இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதை வளர்த்தன. 24 வருடம்! ஒரு சொட்டு நீரில் நுண்ணோக்கியில் நேராகப் பார்க்க முடிந்த உயிரை வளர்க்க அவ்வளவு காலம். அந்த 24 வருடத்தில் எந்த வருடம் உங்கள் சோதனை நடந்திருந்தாலும் பதில் 'இல்லை' என்றுதான் வந்திருக்கும். அந்த ஏரியின் நீரிலும் சதுரங்களை நான் பார்த்திருக்கிறேன். வளர்க்க முயன்று இரண்டு முறை தோற்றும் இருக்கிறேன்.

உப்பு நீர் எங்கும் உயிர் உண்டு என்றும் நான் சொல்ல வரவில்லை. எத்தியோப்பியாவின் டாலோலில் சூடும் அமிலமும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்த குட்டைகள் உண்டு. அவற்றில் சிலவற்றில் உயிர் இல்லை என்று ஓர் ஆய்வுக் குழு 2019இல் முடிவு சொன்னது. அதைச் சொல்ல அவர்கள் பலமுறை போய் மாதிரி எடுத்தார்கள். டி.என்.ஏ. வரிசைகளைப் படித்தார்கள், பலவகை ஊடகங்களில் வளர்த்துப் பார்த்தார்கள், நுண்ணோக்கியில் தேடினார்கள். கிடைத்த சின்னச் சின்னத் தடயமும் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா என்று ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். அப்படியும் அதே வட்டாரத்தில் வேலை செய்த இன்னொரு குழு மாற்றுக் கருத்து சொன்னது. ஓர் இடத்தை உயிரற்றது என்று எழுத இத்தனை உழைப்பு தேவைப்படுகிறது. உங்களுக்கு இரண்டு நாளும் ஒரு பை அகார் பொடியும் போதுமாக இருந்திருக்கிறது.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணுக்குத் தெரியாத இவற்றால் யாருக்கு என்ன லாபம் என்று உங்களில் ஒருவர் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்டார். லாபம் காட்டினால்தான் ஓர் உயிருக்கு இடம் உண்டு என்ற வாதம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் என்னிடம் பதில் இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

ஸ்பெயினின் சாண்டா போலா உப்பளத்தில் கிடைத்த ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனியை என்ற ஆர்க்கியாவை பிரான்சிஸ்கோ மொஹிகா ஆராய்ந்துகொண்டிருந்தார். உப்பின் அளவு மாறினால் அதன் டி.என்.ஏ.வில் என்ன நடக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. வேறு யாருக்கும் அக்கறை இல்லாத கேள்வி. அதில் சுமார் 30 எழுத்து நீளத்துக்கு ஒரே வரிசை, சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு 1993இல் வெளியிட்டார். என்னவென்று புரியவில்லை, விடவும் இல்லை. இடைவெளியில் இருக்கும் துண்டுகள் வைரஸ்களிடமிருந்து எடுத்து வைத்தவை, இது நுண்ணுயிரியின் நோய் எதிர்ப்பு ஏற்பாடு என்று 2005இல் எழுதினார். அதுதான் கிரிஸ்பர். அதை மரபணு வெட்டும் கருவியாக்கியதற்கு எம்மானுவேல் ஷார்பன்டியேவுக்கும் ஜெனிஃபர் டௌட்னாவுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது. மொஹிகா ஆராயத் தொடங்கும் முன்பு அந்த உப்பளத்தை உங்கள் படிவத்தில் நிரப்பியிருந்தால், பயன் என்ற கட்டத்தில் எதை எழுதியிருப்பீர்கள்?

இன்னொன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்று இருக்கிறது, ஒளி பட்டால் புரோட்டானை வெளியே தள்ளும். அது சவ்வில் இயற்கையாகவே படிகம்போல அடுக்கி நிற்பதால், 1975இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அதன் உருவத்தைக் கண்டறிந்தார்கள். அந்த வழியில் தொடர்ந்து போன ஹெண்டர்சன் 2017இல் நோபல் பெற்றவர்களில் ஒருவர்.

உங்கள் அனுமதியில் என்னை மிகவும் உறுத்துவது பதினோராவது நிபந்தனை. ஏரி போவதற்கு ஈடாக வேறோர் இடத்தில் அதே பரப்பில் நன்னீர்க் குளம் வெட்டித் தர வேண்டுமாம். நன்னீர்க் குளம்! எந்த நீர் பட்டால் இந்த உயிர்கள் வெடித்துச் சாகுமோ அதே நீரை ஈடாகக் கொடுக்கிறீர்கள். அந்தக் குளத்தில் தவளை வரும், கொக்கு வரும், நல்லதுதான். ஆனால் அதற்குப் பெயர் ஈடு அல்ல.

வேறு உப்பு ஏரி இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்பீர்களானால், உப்பு நீர் எல்லாம் ஒன்றல்ல. சாக்கடலில் மக்னீசியம் மிகுதி. எகிப்தின் வாதி நத்ரூன் ஏரிகளும் கென்யாவின் மகாடி ஏரியும் சோடா கலந்த கடுங்காரம். அண்டார்க்டிகாவின் டீப் லேக், கடலைப்போலப் பத்து மடங்கு உப்பாக இருப்பதால் கடுங்குளிரிலும் உறைவதில்லை. அங்கும் ஆர்க்கியா வாழ்கிறது, மிக மெதுவாக. சில இனங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த சதுரச் செல்களின் மரபணுத் தொகுதிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஓர் ஏரியில் அவை சேர்ந்து அமைக்கும் குடியிருப்பு அந்த ஏரிக்கே உரியது. கரையோரம் உப்பு சற்றுக் குறைந்த இடத்தில் தரையைக் கத்தியால் வெட்டி எடுத்துப் பாருங்கள். மேலே உப்பு ஓடு, அதன் கீழே பச்சை, அப்புறம் ஊதா கலந்த சிவப்பு, அடியில் முட்டை நாற்றத்தோடு கறுப்பு. இத்தனையும் விரல் தடிமனுக்குள். வெளிச்சம் எட்டும் இடத்தில் நீலப்பச்சைப் பாசி, அது விட்டுவைத்த ஒளியில் கந்தகத்தை உண்ணும் பாக்டீரியா, ஒளியே எட்டாத இடத்தில் கந்தகத்தை நாற்றமாக மாற்றுபவை. மேலே இருப்பவற்றின் கழிவு கீழே இருப்பவற்றுக்குச் சாப்பாடு. இந்த அடுக்கு உருவாக வருடங்கள் ஆகும். லாரி ஒரு தடவை ஏறினால் போதும், குழைந்துவிடும்.

நிரப்பிய பிறகு வரும் செலவையும் அறிக்கை கணக்கில் எடுக்கவில்லை. நிரப்பாத பகுதிக்கு வரும் ஓடையையும் திட்டம் திருப்பிவிடுகிறது, ஆகவே மீதி ஏரியும் காயும். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரிக்கு வந்த ஆற்றை 1913இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் திருப்பினார்கள். 1920களிலேயே ஏரி காய்ந்து போனது. வறண்ட தரையிலிருந்து கிளம்பிய தூசி அமெரிக்காவின் மிக மோசமான தூசி மாசுகளில் ஒன்றானது. இன்றுவரை அந்தத் தரையில் ஆழமில்லாமல் நீர் பாய்ச்சியும் சரளை பரப்பியும் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். நீர் பாய்ச்சிய இடங்களுக்குக் கரைப்பறவைகள் திரும்பி வந்தன, அது தனிக் கதை.

அதே மாநிலத்தில் மோனோ ஏரியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 1941 முதல் அதன் ஓடைகளைத் திருப்பிவிட்டார்கள், நீர் இறங்க இறங்க உப்பு ஏறியது. 1976இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கரையில் கூடாரம் போட்டு, ஏரியில் வாழும் பாசியையும் உப்பு இறாலையும் ஈயையும் பறவைகளையும் முறையாகக் கணக்கெடுத்தார்கள். பாசியை இறால் தின்கிறது, இறாலைப் பறவை தின்கிறது என்று காட்டினார்கள். 1983இல் மாநில உச்ச நீதிமன்றம் அரசுக்கு அந்த ஏரியைக் காக்கும் பொறுப்பு உண்டு என்றது. 1994இல் நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும் என்ற ஆணையும் வந்தது. இத்தனைக்கும் தொடக்கம் ஒழுங்காக எடுத்த ஒரு கணக்கெடுப்புதான். உங்கள் அட்டவணையிலும் அது நடந்திருக்க வேண்டும்.

இனி நான் கேட்பவை.

மண் கொட்டும் வேலையை மறுசோதனை முடியும் வரை நிறுத்தி வையுங்கள். அனுமதியை இப்போதே ரத்து செய்யச் சொல்லவில்லை. தவறான அட்டவணையின் மேல் முதல் லாரி ஏறக்கூடாது, அவ்வளவுதான்.

மறுசோதனையில் மாதிரியை அதே ஏரியின் வடிகட்டி நுண்ணுயிர் நீக்கிய நீரிலோ, அதே அளவு உப்புக் கரைசலிலோ மட்டும் நீர்க்கச் செய்ய வேண்டும். வளர்ப்பு ஊடகத்தின் உப்பு, மாதிரி எடுத்த அன்று ஏரியில் அளந்த உப்பையொட்டி இருக்க வேண்டும். தட்டுகளைக் குறைந்தது எட்டு வாரம் வைத்திருக்க வேண்டும். டி.என்.ஏ. சோதனையில் ஆர்க்கியாவுக்கும் பாசிக்கும் உரிய பிரைமர்கள் சேர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சொட்டு ஏரி நீரை எதுவும் கலக்காமல் நுண்ணோக்கியில் பார்த்து, பார்த்ததைப் படமெடுத்து இணைக்க வேண்டும். அரை மணி நேர வேலை. மழைக்குப் பின்பும் கோடை உச்சத்திலும் என இரண்டு முறையாவது மாதிரி எடுங்கள், இரண்டு காலத்திலும் அங்கே வாழ்பவை வேறு வேறு. கரையோர அடுக்குத் தரையையும் விட்டுவிடாதீர்கள்.

பதினோராவது நிபந்தனையை நீக்குங்கள். ஈடு என்று ஒன்று வேண்டுமானால், மீதி ஏரிக்கு வரும் ஓடையைத் திருப்பாமல் விடுங்கள்.

உங்கள் படிவத்தில் உப்பு நீர்நிலைகளுக்கு 'தரிசு' என்ற ஒரே ஒரு தேர்வுதான் இருக்கிறது. அதை மாற்றுங்கள். 'உயிர் இல்லை' என்று எழுதுகிறவர், எந்த முறையில் தேடினார், அந்த முறை இந்த நீருக்கு ஏற்றதா என்று எழுதிக் கையெழுத்திடவும் ஒரு கட்டம் வேண்டும். உப்பு நீர்நிலை தொடர்பான கோப்பு வரும்போது, இந்த உயிரிகளை ஒருமுறையாவது கையால் வளர்த்தவர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அது நானாக இருக்க வேண்டியதில்லை.

மூன்று வருடம் முன்பு அந்த ஏரியில் எடுத்த நீர், என் அலமாரியில் ஒரு பாட்டிலில் வற்றி உப்புக்கட்டியாகிவிட்டது. போன மாதம் அதில் ஒரு படிகத்தை உப்பு ஊடகத்தில் கரைத்து வைத்தேன். பத்தொன்பதாம் நாள் சிவந்தது. அந்தக் குடுவையையும் நுண்ணோக்கிப் படங்களையும் குழுவின் முன் வைக்கத் தயாராக இருக்கிறேன். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும், ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா, மறுத்தால் ஏன் என்று, வேலை தொடங்கும் தேதிக்கு முன்பாக எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
அந்த ஏரியில் மாதிரி எடுத்துவரும் நுண்ணுயிரியலாளர் ஒருவர்